இனிஷியல் படுத்தும் பாடு

கிருஷ்ணகிரியில் கல்யாணம் முடிந்து துபாயில் இருக்கும் கணவரிடம் கிளம்பும் பெண்ணை முதலில் மடக்குவது அந்த ஒற்றை எழுத்துதான். திருமணச் சான்றிதழில் 'செ. கலா'. பாஸ்போர்ட்டிலோ 'கலா செல்வம்', அங்கே இனிஷியலை விரித்துத்தான் எழுத வேண்டும். விசா கொடுப்பவர் கண்ணுக்கு இவர்கள் இரண்டு பேர்! பதிவின்போதே இருவர் பாஸ்போர்ட்டையும் நீட்டி, எழுத்துக்கு எழுத்து அப்படியே ஏற்றச் சொல்லுங்கள். கல்யாணமாகி 90 நாளுக்குள் பதிந்தால் கூடுதல் கட்டணமும் இல்லை. அந்தச் சான்றிதழ் அசல்தான் என்று அரசு அலுவலகங்களில் சான்றொப்பம் வாங்கியபின் பிழை தெரிந்தால் தொலைந்தது: சென்னையில் உள்துறை, அப்புறம் வெளியுறவுத் துறை, அமீரகத் தூதரகம் என்று மொத்தமும் மறுபடி. அமீரகத்துக்கு வெறும் அப்போஸ்டில் (பல நாடுகள் ஏற்கும், வெளியுறவுத் துறை தரும் ஒற்றைச் சான்று) போதாது என்பதையாவது இந்த ஏஜென்ட்டுகள் முன்கூட்டியே சொல்லித் தொலைக்கக் கூடாதா? காசு கைமாறிய பிறகுதான் வாயே திறக்கிறார்கள்.