சண்டைப் பிரசுரங்களை ஜோடியாகப் படியுங்கள்

எழுத வருகிற பிள்ளைகளிடம் சங்க இலக்கியம் படி, ருஷ்ய நாவல் படி என்று ஆளாளுக்குப் பட்டியல் நீட்டுகிறார்கள். பழைய கண்டனப் பிரசுரங்களை, அதாவது ஒருவரை ஒருவர் மறுத்து அச்சிட்ட சண்டைப் புத்தகங்களைப் படி என்று எனக்கு யாருமே சொன்னதில்லை. ரோஜா முத்தையா நூலகத்தில் வேறெதையோ தேடப் போய் அதில் விழுந்தவன் நான்.

வள்ளலாரின் பாடல்கள் திருவருட்பா என்ற பெயரில் அச்சேறியது 1867. இது அருட்பா அல்ல, மருட்பா (மயக்கும் பாட்டு) என்று யாழ்ப்பாணத்துச் சைவ அறிஞர் ஆறுமுக நாவலர் தரப்பிலிருந்து இரண்டே வருஷத்தில் ‘போலியருட்பா மறுப்பு’ வந்துவிட்டது. 1874இல் வள்ளலார் மறைந்தார், 1879இல் நாவலரும் போய்ச் சேர்ந்தார். சண்டை ஓயவில்லை. அடுத்த தலைமுறையில் அருட்பாவை மறுத்து நா. கதிரைவேற்பிள்ளை ஒரு பக்கம். அருட்பாவுக்காக எதிரே மேடையேறியவர்களில் ஒருவர் கோட்டாறு செய்குத்தம்பிப் பாவலர், முஸ்லிம் புலவர். இன்றைக்கு என்றால் ‘இதில் உனக்கென்ன வேலை’ என்று கமெண்டிலேயே துரத்தியிருப்போம்.

என்னை அசத்தியது நாவலரின் ‘சைவதூஷண பரிகாரம்’, 1854. சைவத்தைப் பழித்த பாதிரிமார்களை வாங்கு வாங்கென்று வாங்கியிருப்பார் என்று நினைத்துத்தான் திறந்தேன். மனிதர் பைபிளைக் கரைத்துக் குடித்திருக்கிறார். பெர்சிவல் பாதிரியாரோடு உட்கார்ந்து அதன் தமிழாக்கத்தில் உழைத்தவராயிற்றே! கோயிலில் விளக்கும் தூபமும் நிவேதனமும் மூடத்தனம் என்கிறீர்களா, உங்கள் பழைய ஏற்பாட்டில் யூதர் ஆலயத்தில் நடப்பதும் அதுதானே என்று அவர்கள் வேதத்தையே எடுத்துப் போட்டு மடக்குகிறார். எதிராளியின் நூலை எதிராளியைவிட ஊன்றிப் படித்தவனுக்குத்தான் இது கைவரும். நாம் ஸ்கிரீன்ஷாட்டை வைத்துக்கொண்டு சண்டை போடுகிறோம்.

அதற்காக அந்தக் காலம் பொற்காலம் என்று சொல்ல வரவில்லை. அருட்பா மருட்பா பிரசுரங்களில் இருக்கும் வசவுகளை இங்கே எழுதினால் என் கணக்கை முடக்கிவிடுவார்கள்.

அரசியல் பிரசுரங்களின் கதை வேறு. பாரதியின் ‘கனவு’, ‘ஆறில் ஒரு பங்கு’ இரண்டையும் 1911இல் வெள்ளைக்காரன் தடை செய்தான். அப்படித் தடை செய்தவற்றில் பலவற்றை அந்தச் சர்க்காரே பத்திரமாக எடுத்தும் வைத்ததால் இன்று காப்பகங்களில் கிடைக்கின்றன. இதற்கு நன்றி சொல்வதா, சிரிப்பதா?

எனக்கு ஒரே மனக்குறை. மறுபதிப்பு என்று வந்தால் அவரவர் தங்கள் பக்கத்துப் பெரியவரை மட்டும் போட்டுக்கொள்கிறார்கள். மறுப்பு இருக்கிறது, மறுக்கப்பட்ட நூல் இல்லை. ஒற்றைக் கை ஓசை. ஆகவே நூலகம் போனால் ஆசிரியர் பெயரை மட்டும் வைத்துத் தேடாதீர்கள். கண்டனம், மறுப்பு, நிராகரணம், பரிகாரம் என்று தலைப்பில் தேடுங்கள். சண்டைக்காரர்கள் இரண்டு பேரும் சிக்குவார்கள். இரண்டையும் ஒன்றாகவே எடுத்துத் தரச் சொல்லுங்கள்.