கல்லில் வெட்டினால் உண்மையாகிவிடுமா?

பழைய பாரசீகப் பேரரசர் டேரியஸ், தான் அரியணை ஏறிய கதையை ஈரானின் பெஹிஸ்தூன் மலைப்பாறையில் கல்வெட்டாக வெட்ட வைத்தார். அந்தக் கதையை அப்படியே நம்பலாமா என்பதுதான் நேற்றைய நேரலையில் விவாதம். பார்த்தவர்களுக்குத் தெரியும். "டேரியஸ் பெஹிஸ்தூன் பாறையிலேயே வெட்டி வைத்திருக்கிறார், இதுக்கு மேல என்ன ஆதாரம் வேணும் மேடம்?" என்று நூறு பேர் முன்னால் சிரித்தார் என்னோடு விவாதித்த நண்பர். சரி, சிரிக்கட்டும். வெட்ட வைத்தது யார் என்பதுதானே என் கேள்வி?

அந்தக் கல்வெட்டு சொல்லும் கதை இது: டேரியஸுக்கு முன்பு ஆண்ட மன்னர் கம்பைசஸ் எகிப்துக்குப் போகும் முன்பே தம்பி பர்தியாவை ரகசியமாகக் கொன்றுவிட்டாராம். அப்புறம் கௌமாதா என்ற பூசாரி "நான்தான் பர்தியா" என்று வந்து உட்கார, மொத்தப் பேரரசும் ஏமாந்ததாம். கி.மு. 522 செப்டம்பரில் டேரியஸ் ஆறு பேரோடு போய் அந்தப் போலியைத் தீர்த்துக்கட்டினாராம். இத்தனை 'ஆம்'களுக்கும் முதல் சாட்சி, கொன்றவரே.

தன் குலத்தில் எட்டுப் பேர் அரசர்கள், தான் ஒன்பதாவது என்கிறார் டேரியஸ். அவர் பட்டத்துக்கு வந்தபோது அப்பாவும் தாத்தாவும் உயிரோடு இருந்தார்கள்! அவர்களைத் தாண்டி இவருக்கு எப்படி வந்தது?

"கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸும் அதைத்தானே சொல்கிறார்?" சொல்கிறார், பல பத்தாண்டுகள் கழித்து. கல்வெட்டு வாசகத்தை நாடெங்கும் அனுப்பியதாக டேரியஸே எழுதியிருக்கிறார். ஊரெல்லாம் தண்டோரா போட்ட சேதியைத் திருப்பிச் சொன்னவர் தனிச் சாட்சியா? "டேரியஸ் நல்ல நிர்வாகி." இருக்கட்டுமே, நான் சாலை வசதியைப் பற்றியா பேசினேன்?

கௌமாதா நிஜமாகவே போலியாக இருக்கலாம். மறுக்கவில்லை. ஆனால் 19 போர்களில் 9 எதிரி மன்னர்களைப் பிடித்ததாகச் சொல்கிறாரே டேரியஸ், ஒன்பது பேருமே பொய்யர்களா? பாரசீகத்துக்குள்ளேயே வஹ்யஸ்தாதா என்பவர் மறுபடி "நான்தான் பர்தியா" என்று கிளம்ப, ஜனங்கள் அவர் பின்னாலும் போனார்கள். பேரரசின் மேதியா பகுதியில் டேரியஸை எதிர்த்து எழுந்த பிரவர்த்தி என்பவரின் மூக்கு, காது, நாக்கை அறுத்து, ஒரு கண்ணைப் பிடுங்கி, வாசலில் கட்டி வைத்ததைப் பெருமையாகவே பதிந்திருக்கிறார் டேரியஸ். நாக்கை அறுத்துவிட்டால் அவர் தரப்பை யார் சொல்வது?

எங்கள் வீட்டுப் பாகப்பிரிவினைப் பத்திரத்தில் ஒரு வரி உண்டு: 'சகோதரி தன் பங்கைச் சீராகப் பெற்றுத் திருப்தியடைந்தார்.' எழுதியது அண்ணன் தம்பிகள். அத்தை வைத்தது கைநாட்டு. "ஒரு தோடுகூடப் போடலடி" என்று சாகும்வரை என்னிடம் சொன்னாள். கேட்கப் போனால், "எழுத்துல இருக்கே" என்று சிரிப்பார்கள். நேற்று கேட்டது அதே சிரிப்பு.

"வென்றவன் எழுதுவதுதான் வரலாறு, இது தெரியாதா" என்று பின்னூட்டத்தில் யாராவது வருவீர்கள். தெரிந்துமா நேற்று ஒருவரும் வாய் திறக்கவில்லை?

இன்று காலை ஏற்றிய காணொளியில் நான் பதில் சொன்ன நாலு நிமிடத்தைக் காணோம். நீளம் அதிகமாம்.