அந்த இரண்டு பேர்

வீட்டில் சண்டை வரும் நாட்களில் நான் போய் உட்கார்ந்த இடம் தெருமுனை இஸ்திரிக்கடை. கடைக்காரத் தாத்தா எதுவும் கேட்க மாட்டார். மடித்த துணிகளை என் பக்கம் தள்ளி, "வீட்டு நம்பர் பார்த்து அடுக்குடா" என்பார். அப்புறம் கிளை நூலகத்து அக்கா. ஒரு வாரம் போகாவிட்டால் யாரிடமாவது சொல்லி விசாரிப்பார்.

விஸ்கான்சின் மாநிலத்தில் 6,188 பெரியவர்கள் சொன்ன பதில்களை வைத்து 2019இல் ஓர் ஆய்வு வெளிவந்தது. சிறுவயதில் கிடைத்த ஏழு நல்ல அனுபவங்களைப் பற்றிக் கேட்டிருந்தார்கள். மனம்விட்டுப் பேச வீட்டில் ஆள் இருந்ததா, நண்பர்கள் துணை நின்றார்களா, ஊர் விழாக்களில் சந்தோஷமாகக் கலந்துகொண்டாயா, இப்படி. அதில் ஒன்று, பெற்றோர் தவிர உன்மேல் அக்கறை காட்டிய பெரியவர்கள் இரண்டு பேராவது இருந்தார்களா என்பது. ஏழில் ஆறோ ஏழோ கிடைத்தவர்களுக்கு மனச்சோர்வோ மோசமான மனநலமோ இருக்கும் வாய்ப்பு, இரண்டோ அதற்குக் குறைவோ கிடைத்தவர்களைவிட 72 சதவீதம் குறைவு. சிறுவயதில் பட்ட துன்பங்களைக் கணக்கில் எடுத்த பிறகும் அப்படித்தான்.

கஷ்டப்பட்டால்தான் பிள்ளை உறுதியாக வளரும் என்று இனி யாரும் என்னிடம் சொல்ல வேண்டாம். கஷ்டத்தில் பக்கத்தில் ஆள் இருந்த பிள்ளைதான் உறுதியாக வளர்கிறது.

சென்னையில் அந்த ஆட்களை நாமே பிடுங்குகிறோம். கூவம், அடையாற்றுக் கரைகளிலிருந்து குடும்பங்களை அப்புறப்படுத்தி, தொலைவில் உள்ள மறுகுடியமர்வுக் குடியிருப்புகளான பெரும்பாக்கத்துக்கும் கண்ணகி நகருக்கும் அனுப்பும்போது வீட்டுக்கு வீடு என்று கணக்கு முடிந்துவிடுகிறது. டியூஷன் அக்காவும் தெருக்கோயில் ஆடித் திருவிழாவும் எந்தக் கணக்கிலும் வருவதில்லை. 2022 மே மாதம் கோவிந்தசாமி நகரில் வீடுகளை இடித்தபோது பொதுத்தேர்வு நேரம். விடியுமுன் எழுந்து, பஸ் ஏறிப் பழைய பள்ளிக்கே போகும் பிள்ளைகள் இருக்கிறார்கள். தன்னைத் தெரிந்த டீச்சர் அங்கேதானே இருக்கிறார்!

அறுந்தது திரும்ப முளைக்காமலும் இல்லை. கண்ணகி நகரில் ஒரு பயிற்சியாளர் பெண் பிள்ளைகளைச் சேர்த்துக் கபடி சொல்லிக்கொடுத்தார். 2025இல் பஹ்ரைனில் ஆசிய இளையோர் போட்டியில் தங்கம் வென்ற இந்திய அணியில் அந்த நகர்ப் பெண்ணும் இருந்தாள். செய்தி பார்த்து அழுதேன். ஆனால் அத்தனை ஆயிரம் வீடுகளின் பிள்ளைகளுக்கும் ஒரு நல்ல மனிதர் தானாக வந்து வாய்க்கட்டும் என்று காத்திருப்பது கொடுமை.

கல்வியாண்டின் நடுவில் ஒரு குடும்பத்தையும் நகர்த்தக் கூடாது. குலுக்கல் போட்டுச் சிதறடிக்காமல், ஒரே தெருக்காரர்களுக்கு ஒரே பிளாக்கில் வீடு கொடுக்க வேண்டும். மைதானமும் நூலகமும், சம்பளம் வாங்கும் பயிற்சியாளரும் நூலகரும், சாவி கொடுக்கும் அன்றே அங்கே இருக்க வேண்டும்.