ஓசி வைத்தியமாம்!

அந்தப் பதிவை இன்னைக்கு நாலாவது ஆள் அனுப்பிட்டார். "வரி கட்டுறவன் தனியார் ஆஸ்பத்திரியில் லட்சக்கணக்கில் அழறான், கட்டாதவன் ஜி.எச்.சில் ஓசியில் பார்த்துக்கிறான்." கீழே வரிசையா ஹார்ட்டு வேற.

வரி கட்டாதவன் யாருங்க? 299 ரூபாய்க்கு ரீசார்ஜ் போட்டா அதில் 45 ரூபாய் சொச்சம் ஜிஎஸ்டி. பட்டறையில் மாசம் 12,000 வாங்குறவருக்கும் அதே 45, 1,20,000 வாங்குறவருக்கும் அதே 45. சம்பளத்தோட வச்சுப் பாருங்க, யாருக்குப் பத்து மடங்கு பாரம்னு தெரியும். பெட்ரோல் பங்க்ல பான் கார்டு கேட்டுட்டா வரி பிடிக்கிறாங்க? அவரும் வரி கட்டுறார். கையில் சம்பளத்தில் வருமான வரி பிடிச்சதுக்கு ஆபீஸ் தர்ற சான்று இல்லை, அவ்வளவுதான்.

அந்தப் பட்டறைத் தொழிலாளி முதல்வர் காப்பீட்டு அட்டை வாங்கப் போனா என்ன ஆகும்? குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000-க்குள்ள இருக்கணும். இவருக்கு 1,44,000. போச்சு. நாலே பேர் வேலை பார்க்கிற பட்டறை, அதனால தொழிலாளர்களுக்கான இஎஸ்ஐ காப்பீடும் கிடையாது. மிச்சம் இருக்கறது ஜி.எச். மட்டும்தான். அதுவும் உங்க கண்ணை உறுத்துது.

"எங்க வருமான வரியில் 4 சதவீதம் சுகாதார, கல்வி செஸ் போகுதே"ம்பீங்க. போகுது. ஆனா செஸ்ங்கிற அந்த மேல்வரி, மாநிலங்களுக்குப் பங்கு பிரிக்கிற தொகுப்பில் சேராது, மத்திய அரசுகிட்டயே நின்னுடும். ஜி.எச். நடத்துறது மாநிலம். யார்கிட்ட கேக்கணும்னு இப்பப் புரியுதா?

"இன்சூரன்ஸுக்கு 18 சதவீத ஜிஎஸ்டியை எடுத்துட்டாங்களே." ஆமா, 2025 செப்டம்பர் 22-லிருந்து. நல்லதுதான். ஆனா தனிநபர் பாலிசிக்கு மட்டும். ஆபீஸ் குரூப் பாலிசிக்கு இன்னும் 18. பிரீமியத்துக்கு விலக்குன்னா, ஏஜென்ட் கமிஷனுக்கும் ஆபீஸ் வாடகைக்கும் இன்சூரன்ஸ் கம்பெனி கட்டுற ஜிஎஸ்டியை உள்ளீட்டு வரி வரவா, அதாவது தான் கட்ட வேண்டிய வரியில் கழிச்சு, எடுக்க முடியாது. அது கமிஷனில் வெட்டா வரும், இல்லைன்னா உங்க பிரீமியத்தில் ஏறும். அடுத்த ரினியூவல் நோட்டீஸ் வரும்போது அடிப்படை பிரீமியத்தைப் போன வருஷத்தோட ஒப்பிட்டுப் பாருங்க.

ஆஸ்பத்திரியிலும் இதே கதைதான். சிகிச்சைக்கு ஜிஎஸ்டி இல்லை. ஆனா அவங்க வாங்குற மெஷின், வெளியாள் வச்சுப் பண்ற க்ளீனிங், செக்யூரிட்டி எல்லாத்துக்கும் வரி உண்டு, திரும்ப எடுக்க வழியில்லை. நாளுக்கு 5,000 தாண்டின ரூம் வாடகைக்குப் போடற 5 சதவீதம் பில்லில் தனியாத் தெரியும், ஐசியூவுக்கு அதுவும் கிடையாது. மத்ததெல்லாம் ரூம், ஸ்கேன், தியேட்டர் சார்ஜ்னு ஒவ்வொண்ணுக்குள்ளயும் கரைஞ்சு கிடக்கும். அந்த பில்லைப் பார்த்து வராத கோபம், ஓபி சீட்டோட விடியக்காலையில் வந்து நிக்கிறவரைப் பார்த்து வருது.

திட்டுங்க, என்னை வேணா திட்டுங்க. அவரை ஓசின்னு சொல்லாதீங்க. கேக்க முடியல.