பொம்மை முன்னால், பிள்ளை பின்னால்

முன்னால் கிலுகிலுப்பையை ஆட்டிக்கொண்டு வீடே "வா வா" என்று கத்தும். தவழத் தொடங்கிய பிள்ளையோ ரிவர்ஸ் கியரில் போய்க் கட்டிலுக்கடியில் மாட்டிக்கொண்டு அலறும். சண்டித்தனமெல்லாம் இல்லை. முதலில் வலுப்படுவது கை, தோள். கால் உந்தப் பழகவில்லை. கையால் தரையைத் தள்ளினால் உடம்பு பின்னால்தானே போகும்? கத்துவதை விட்டுவிட்டு, பாதங்களுக்குப் பின்னால் உள்ளங்கையை முட்டுக்கொடுங்கள். உதைத்து முன்னே வரும்.

வழவழ தரையில் சாக்ஸ் மாட்டி, முட்டியை மூடும் பேண்ட்டும் போட்டுவிட்டு "ஏன் வழுக்குது?" என்று கேட்பவர்களை என்ன செய்ய! வெறுங்கால், வெறும் முட்டி, மெத்தென்று அமுங்காத விரிப்பு. அவ்வளவுதான்.

இதற்கு நடுவில் ஒப்பீட்டுக் கோஷ்டி வேறு: "ஒன்பது மாசமாச்சு, இன்னும் முட்டி போடலையா?" உலக சுகாதார நிறுவனத்தின் ஆய்வில் சுமார் 4 சதவீதக் குழந்தைகள் முட்டி போட்டுத் தவழாமலேயே நடந்தன. சிலது புட்டத்தால் நகரும், சிலது வயிற்றால் இழுக்கும். ஒரு பக்கக் கைகாலை மட்டும் இழுத்துக்கொண்டு நகர்ந்தால் மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

முன்னோக்கி வரப் பழகியதும் பொம்மையைச் சீண்டாது. நேரே சார்ஜர் ஒயருக்கு. பட்டன் பேட்டரி மட்டும் தரையில் கிடக்கவே கூடாது. விழுங்கி உணவுக்குழாயில் சிக்கினால் 2 மணி நேரத்திலேயே அதை அரித்துவிடக்கூடும்.