டயர் வாங்கப் போகும் தம்பிக்கு

பழைய லாரி டயர் எங்கே மலிவாகக் கிடைக்கும் என்று போன வாரம் ஒரு தம்பி இன்பாக்ஸில் கேட்டிருந்தான். மொட்டை மாடியில் போட்டுச் சம்மட்டியால் அடிக்கப் போகிறானாம். ஆறு மாதமாக எம்எம்ஏ (குத்து, உதை, மல்யுத்தம் எல்லாம் கலந்த சண்டை) பழகுகிறான், சீக்கிரமே முதல் அமெச்சூர் சண்டை. மூக்கையும் வாயையும் மூடி, மலை மேல் பழகுவது மாதிரி ஆக்கும் என்று விற்கிற அந்தக் கறுப்பு மாஸ்க்குக்கும் ஆர்டர் போட்டாயிற்று. அவனுக்குத் தனியாகப் பதில் எழுத உட்கார்ந்தேன், நீண்டுவிட்டது. இங்கேயே போடுகிறேன்.

எனக்கும் அந்தக் கிறுக்கு இருந்தது. நான் முதலில் பழகிய ஜிம்மில் (பெயர் வேண்டாம், இப்போது மூடிவிட்டார்கள்) மூலையில் ஒரு பச்சை பிளாஸ்டிக் வாளி இருக்கும். வாந்தி எடுப்பதற்கு. வெள்ளிக்கிழமை சாயங்காலம் கண்டிஷனிங், அதாவது தெம்பு கூட்டுகிற பயிற்சி. பர்ப்பி (குப்புற விழுந்து எழுந்து குதிப்பது), டயர் புரட்டல், கயிறு, மறுபடி பர்ப்பி என்று ஒரு மணி நேரம். மாஸ்டர் வாயில் விசில். யார் வாளியைத் தேடி ஓடுகிறார்களோ அவர்களுக்குக் கைதட்டல். நான் இரண்டு முறை கைதட்டல் வாங்கினவன். மறுநாள் காலை ஸ்பாரிங்கில் (பயிற்சிச் சண்டையில்) கையைத் தூக்க முடியாமல் முகத்தில் வாங்கியபோது யாரும் தட்டவில்லை.

அதே ஜிம்முக்குக் கொளத்தூரிலிருந்து ஒரு பையன் சைக்கிளில் வருவான். பைக் வாங்கக் காசில்லை, அவ்வளவுதான் காரணம். வேலைக்கும் சைக்கிள், ஜிம்முக்கும் சைக்கிள். ஒரு நாளைக்கு ஒன்றரை மணி நேரமாவது மிதிப்பான். புல்-அப் என்னைவிடக் குறைவாகத்தான் எடுப்பான். பெஞ்ச் பிரஸ் பேச்சே வேண்டாம். ஆனால் ஐந்து நிமிட ரவுண்டு மூன்று போட்டால், மூன்றாவதில் என் மேல் உட்கார்ந்துகொண்டு, மூக்கால் நிதானமாக மூச்சு விட்டபடி, "அண்ணா, முழங்கையை உள்ள வச்சுக்கோங்க" என்று எனக்கே பாடம் எடுப்பான். பிறவி உடம்பு என்று ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். சைக்கிளுக்கும் இதற்கும் சம்பந்தம் இருக்கிறது என்று எனக்கு உறைக்க, எம்எம்ஏ நட்சத்திரம் கானர் மெக்ரெகர் தோற்க வேண்டியிருந்தது.

2016 மார்ச், லாஸ் வேகாஸ். எதிரில் நேட் டியாஸ். அவர் பதினோரு நாள் அவகாசத்தில் வந்தவர். மெக்ரெகரோடு மோத வேண்டிய ரஃபேல் டோஸ் அஞ்சோஸுக்குக் கால் உடைந்ததால் கடைசி நேரத்தில் கூப்பிட்டார்கள். முதல் ரவுண்டு முழுக்க மெக்ரெகர்தான். ஒவ்வொரு குத்தும் ஆளைச் சாய்த்துவிடுகிற குத்து. டியாஸ் முகமெல்லாம் ரத்தம், ஆனால் ஆள் சாயவில்லை. இரண்டாம் ரவுண்டு பாதிக்கு மேல் மெக்ரெகரின் குத்தில் காற்று இறங்கிவிட்டது. டியாஸின் ஒன்று-இரண்டு (அடுத்தடுத்து இரு கைக் குத்து) முகத்தில் இறங்க, டியாஸைத் தரைக்குக் கொண்டுபோகலாம் என்று மெக்ரெகர் காலைப் பிடிக்கப் போய், அங்கேயே கழுத்தைக் கொடுத்து, நெரிபட்டுத் தோற்றார். சக்தியைச் சிக்கனமாகச் செலவழிக்கவில்லை என்று பிறகு மெக்ரெகரே சொன்னார். டியாஸுக்கும் அவர் அண்ணன் நிக்குக்கும் நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூன்றும் சேர்ந்த டிரையத்லான் பொழுதுபோக்கு மாதிரி.

அதே டியாஸோடு அடுத்த சண்டை அதே ஆண்டு ஆகஸ்டில். இதற்கு மெக்ரெகர் என்ன செய்தார் தெரியுமா? ஜூலியன் டால்பி என்ற சைக்கிள்காரரைக் கூட்டி வந்து, பரிசோதனைக்கூடத்தில் ஆக்சிஜன் அளவெல்லாம் எடுத்து, கணக்குப் போட்டு மிதித்தார். இந்த முறை 25 நிமிடமும் நின்று, பெரும்பான்மை நடுவர் தீர்ப்பில் ஜெயித்தார். அதில் மூன்றாம் ரவுண்டைத்தான் நான் திரும்பத் திரும்பப் பார்ப்பேன். அதில் அவர் களைத்துப் போகிறார், டியாஸைவிட்டு விலகி நடந்தேகூடப் போகிறார். மார்ச்சில் இப்படிக் களைத்ததும் கதை முடிந்தது. ஆகஸ்டில் நான்காம் ரவுண்டுக்கு மீண்டு வந்தார்.

அந்த 'மீண்டு வருவது'தான் தம்பி விஷயம். உயிரைக் கொடுத்து ஒரு வெடிப்பு போடுகிறாய்: நாலு குத்து, ஒரு டேக்டவுன் (எதிராளியைத் தரையில் சாய்ப்பது). அதற்கான எரிபொருள் தசையிலேயே தயாராக இருக்கிறது, சுமார் பத்து விநாடிக்கு. அது தீர்ந்ததும் திரும்ப நிரப்புவது எது? ஆக்சிஜன். இதயம் ஒரு துடிப்புக்கு எவ்வளவு ரத்தம் தள்ளுகிறது, தசை அதை எவ்வளவு பயன்படுத்திக்கொள்கிறது, அதைப் பொறுத்துத்தான் அடுத்த வெடிப்பு. சண்டையே வெடிப்புதானே, எதற்கு மெதுவாக ஓட வேண்டும் என்று நானும் வாதாடினவன். வெடிப்புகளுக்கு நடுவே இருக்கிற நேரத்தைக் கணக்கில் எடுக்கவே இல்லை. வாரத்துக்கு மூன்று நாள், முக்கால் மணி நேரம், பக்கத்தில் ஓடுகிறவனோடு பேசிக்கொண்டே ஓடுகிற வேகம். துடிப்பு நிமிடத்துக்கு 130, 140. இன்ஸ்டாகிராமில் போட்டால் ஒரு லைக் விழாது.

விட்டுவிட்டு வேகமாகச் செய்கிற இன்டர்வெல் பயிற்சியே வேண்டாமா? வேண்டும், சண்டைக்கு ஐந்தாறு வாரம் இருக்கும்போது, அளவோடு. எல்லா ஜிம்மிலும் 'டபாட்டா' என்று போர்டு வைத்து நாற்பது நிமிடம் குதிக்க விடுகிறார்களே, 1996-இல் இசுமி டபாட்டா குழு வெளியிட்ட ஆய்வில் அது இருபது விநாடி சைக்கிள் மிதி, பத்து விநாடி ஓய்வு, ஏழெட்டு முறை. மொத்தம் நாலு நிமிடம். அதையும் தாண்டித் தெம்பு இருந்தால் மிதித்த வேகம் போதவில்லை என்று அர்த்தம். இன்னொன்றை யாரும் சொல்வதில்லை: வாரத்தில் ஒரு நாள் அந்த ஆய்வில் மிதித்த மாணவர்களும் அரை மணி நேரம் ஒரே சீராக மிதித்தார்கள்.

மாஸ்க் விஷயம். 2015-இல் கெய்ன் வெலாஸ்கெஸ் மெக்சிகோ சிட்டியில் ஃபாப்ரிசியோ வெர்டுமிடம் பட்டத்தை இழந்தார். ஹெவிவெயிட்டில் களைப்பே தெரியாத ஆள் என்று பெயர் வாங்கினவர். அந்த ஊர் 2,240 மீட்டர் உயரம். வெர்டும் பல வாரம் முன்பே போய் மலைக்காற்றுக்கு உடம்பைப் பழக்கியிருந்தார், வெலாஸ்கெஸ் பிந்திப் போனார், மூன்றாம் ரவுண்டில் முடிந்துவிட்டது. உயரத்தில் இருக்கிறவனுக்குத் தூங்கும்போதும் ஆக்சிஜன் குறைவு, அதனால் ரத்தம் மாறுகிறது. உன் மாஸ்க் அரை மணி நேரம் மூச்சை அடைக்கும், வேளச்சேரிக் காற்று வேளச்சேரிக் காற்றாகத்தான் இருக்கும். ஆர்டரை ரத்து செய்ய முடிந்தால் செய்துவிடு.

பலம்? வாரத்துக்கு இரண்டு நாள் போதும். டெட்லிஃப்ட் (தரையிலிருந்து எடைக் கம்பியைத் தூக்குவது) அல்லது ஸ்குவாட், புல்-அப், ஏதாவது ஒரு தள்ளல், கழுத்துக்குக் கொஞ்சம். செட்டுக்கு மூன்று முதல் ஐந்து முறை, கடைசி முறையிலும் இன்னும் இரண்டு வரும் என்கிற தெம்போடு கம்பியை வைத்துவிட வேண்டும். மான்ட்ரியலில் எம்எம்ஏ சாம்பியன் ஜார்ஜ் செயின்ட்-பியரைப் பழக்கிய ஃபிராஸ் ஜஹாபி இதைத்தான் பல வருடமாகச் சொல்லி வருகிறார்: பத்து புல்-அப் உன் உச்சம் என்றால் ஐந்து எடு, நாளைக்கும் வந்து எடு. மறுநாள் உடம்பு வலிக்கிற அளவுக்குச் செய்யாதே. அவர் சொன்னதைக் கேட்டு எனக்குக் கோபம்தான் வந்தது. வாளியில் எடுத்த வாந்தியெல்லாம் வீணா என்று.

சம்மட்டி தூக்கித்தான் ஆக வேண்டும் என்றால் அதற்குக் கர்லாக்கட்டை மேல். நம் ஊர் பயில்வான்கள் தோளைச் சுற்றிச் சுழற்றியது வெறும் புஜத்துக்காக இல்லை. தோள்பட்டை எல்லாப் பக்கமும் வளைந்து கொடுக்கும், மணிக்கட்டுப் பிடி இறுகும். லேசான கட்டையில் ஆரம்பி. என் வலது தோள் அந்த வெள்ளிக்கிழமைகளில் போனதுதான், இன்றும் மேல் அலமாரியிலிருந்து டப்பா எடுக்க இடது கைதான்.

இதெல்லாம் போக, முக்கியமான வேலை மல்யுத்தப் பாயில்தான். வியாழக்கிழமை டெட்லிஃப்டால் வெள்ளிக்கிழமை மல்யுத்தம் கெட்டால் டெட்லிஃப்டைக் குறை. மல்யுத்தத்தில் கை வைக்காதே. நீ பழக வந்தது அதைத்தான்.

இவ்வளவையும் சுருக்கி வாய்ஸ் நோட்டில் சொன்னேன். சைக்கிள் பையன் கதையையும் சொன்னேன். முழுசாகக் கேட்டுவிட்டு ராத்திரி பதினோரு மணிக்குப் பதில் போட்டிருக்கிறான்: "சரிண்ணா. கியர் வச்சதா, கியர் இல்லாததா?"