கூட்டுப் படத்தில் என்ன திறமை இருக்கிறது?

தேன்சிட்டும் தையல்சிட்டும் கூடு கட்டத் தொடங்கியதும் பறவை ஆர்வலர் குழுக்களில் கூட்டுப் படங்கள் வரிசைகட்டி வரத் தொடங்கிவிடுகின்றன. பகிர்பவர்களில் பெரும்பாலோர் பறவைகளின் மீது உண்மையான பிரியம் கொண்டவர்கள் என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆயினும் சிறு பறவைகளின் கூட்டைத் தேடிச் சென்று படம் எடுப்பதை நாம் அறவே விட்டுவிட வேண்டும் என்றே கருதுகிறேன்.

தையல்சிட்டு, அகன்ற இலையின் விளிம்புகளில் அலகால் துளையிட்டு, சிலந்தி இழையையும் பஞ்சு நாரையும் கோத்து, இலையைப் பை போல மடித்து அதனுள்ளே கூடு வைக்கிறது. செடியிலேயே இருக்கும் அந்த இலை பச்சை மாறாமல் மற்ற இலைகளோடு கலந்துவிடுவதால், அருகில் நின்றாலும் கூடு கண்ணில் படாது. குஞ்சு பொரித்த பிறகும் இந்த மறைப்பு வேலை ஓய்வதில்லை. வெள்ளைச் சவ்வுப் பையாக வெளிவரும் குஞ்சின் எச்சத்தைத் தாயோ தந்தையோ அலகில் கவ்விச் சென்று தொலைவில் போட்டுவிட்டு வருகிறது. இவ்வளவு பாடுபட்டு ஒளித்த கூட்டை, 'இலை மறைக்கிறது' என்று கிளையை ஒடித்தும், நூல் கட்டி வளைத்தும் நாம் வெளிச்சத்துக்குக் கொண்டுவருகிறோம். படம் எடுத்தவர் வீடு திரும்பிவிடுவார். அவர் திறந்துவிட்ட வழியாக வெயிலும், காகமும், செம்போத்தும் உள்ளே வரும்.

பெரிய லென்ஸ் வைத்திருப்பவர்களை மட்டும் குறை சொல்வது சரியன்று. கைபேசியில் எடுப்பவர் கூட்டுக்கு ஒரு முழத் தொலைவு வரை போயாக வேண்டும். அவர் நிற்கும் நேரம் முழுவதும் தாய்ப்பறவை அலகில் புழுவுடன் பக்கத்துக் கிளைகளில் தாவித் தாவிக் கத்திக்கொண்டிருக்கும். அதைச் சுறுசுறுப்பு என்று நினைத்துக் காணொளியாக எடுப்பவர்களும் உண்டு. பறக்கும் பருவத்தை நெருங்கிய குஞ்சுகளோ, ஆள் நெருங்கினால் இறகு முற்றும் முன்பே கூட்டிலிருந்து குதித்துவிடக்கூடும். தரையில் விழுந்த குஞ்சைப் பூனை விட்டுவைக்காது.

1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம், காட்டுப் பறவைகளின் முட்டைகளையும் கூடுகளையும் குலைப்பதை வேட்டை என்ற வரையறைக்குள்ளேயே வைத்திருக்கிறது என்பது நம்மில் பலருக்குத் தெரியாது.

வாசல் விளக்கின் ஒயரிலேயே தேன்சிட்டு கூடு கட்டினால் என்ன செய்வது என்று கேட்பார்கள். நாம் நடமாடும் இடம் என்று தெரிந்தே அது அங்கு வந்திருக்கிறது; வழக்கம்போல் போய் வந்தால் போதும். ஏணி போட்டு ஏறி, பிளாஷ் அடித்து உள்ளே எட்டிப் பார்ப்பதுதான் தவறு.

உள்ளதைச் சொன்னால், கூட்டுப் படம் மிகச் சுலபமான படம். பறவை அங்கேயே திரும்பி வந்தாக வேண்டும் என்பதால் மட்டுமே அது கிடைக்கிறது. சன்னல் மூலையில் சிலந்தி வலையைப் பிய்த்தெடுக்கும் தேன்சிட்டைத் தள்ளி நின்று படம் பிடிக்கத்தான் பொறுமையும் பழக்கமும் தேவை. சில குழுக்கள் கூட்டுப் படங்களை ஏற்பதில்லை என்று ஏற்கெனவே விதி வைத்துள்ளன. தமிழ்க் குழுக்களை நடத்தும் நண்பர்களும் இந்தப் பருவத்திலேயே அதை அறிவித்துவிட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.